கடைக் கம்ப்யூட்டரை நீ கெடுக்கவில்லை

கண்ணு,

நிச்சயத்தை முடித்துக்கொண்டு நீ கிளம்பிப் போய் இன்றோடு ஒன்பது நாள். போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாய். நேற்றும் பேசினாய். சாப்பிட்டாயா என்று நான் கேட்டேன், அங்கே மழையா என்று நீ கேட்டாய். சொல்ல வேண்டிய ஒன்றை இரண்டு தடவையும் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே நீ "பரவால்லம்மா, விடு" என்பாய். நானும் அதைப் பிடித்துக்கொண்டு விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பேசுவதைவிட எனக்கு டைப் அடிப்பதுதான் சுலபம். இருபது வருஷமாக ஊரார் விண்ணப்பத்தையும் கல்யாணப் பத்திரிகையையும் அடித்துக்கொண்டிருக்கிற கை இது. எனக்கென்று ஒரு பக்கம் அடிப்பது இதுதான் முதல் தடவை.

நிச்சயத்தன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, உன் மாமனாராகப் போகிறவர் மண்டபத்துக்குக் கொடுக்க வேண்டிய படிவத்தைத் தன் போனில் காட்டி, ஒரு பிரிண்ட் வேண்டும் என்றார். கடை வீட்டோடுதானே இருக்கிறது. "மாப்ளயே ஒண்ணு எடுத்துக் குடுத்துருங்க, இன்ஜினியர்தானுங்களே" என்று சிரித்தார். நீ கடை வாசற்படியிலேயே நின்றுகொண்டாய். "நான் தொட்டா அது கெட்டுப்போயிருங்க மாமா. அம்மாவே வரட்டுங்க" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தபடியேதான் உள்ளே போனேன். ஒரு பிரிண்டுக்கு மூன்று பிரிண்ட் வந்துவிட்டது. நான்தான் மூன்று தடவை அழுத்தியிருக்கிறேன். நீ அப்போதும் வாசற்படியில்தான் இருந்தாய். திரையில் என்ன ஓடுகிறது என்று நீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கண்ணு, அந்தக் கம்ப்யூட்டரை நீ கெடுக்கவில்லை. நான்தான் கெடுத்தேன். அது அன்றைக்கே எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் முக்கியமானது இவ்வளவுதான். ஆனாலும் எப்படி நடந்தது என்பதை முழுசாகச் சொல்லாவிட்டால், மனசு கஷ்டப்பட்டு உனக்காக ஒரு பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வாய். உன் குணம் அப்படி.

நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது கடைக் கம்ப்யூட்டர் நடக்க முடியாமல் நடந்துகொண்டிருந்தது ஞாபகம் இருக்கும். ஒரு பக்கம் திறப்பதற்குள் கஸ்டமர் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். அப்போது நீ ஒரு சனிக்கிழமை வந்து, "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுத் தர்றேம்மா. இலவசம், ஆனா திருட்டு இல்ல. யாரு வேணாலும் போட்டுக்கலாம், பழைய மெசின்லயும் நல்லா ஓடும்" என்று சொன்னாய். நான் காது கொடுக்கவில்லை. கடை சோறு போடுகிறது, அதில் உன் பரிசோதனை வேண்டாம், எல்லோரிடமும் இருக்கிற விண்டோஸ்தான் எனக்கும் வேண்டும் என்றேன். அப்படியானால் முறையாக வாங்கிப் போடலாம் என்றாய். இந்தத் தெருவில் யார் வாங்கிப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். உன் சிநேகிதனிடமிருந்து ஒரு காப்பியை எடுத்து வரச் சொன்னதே நான்தான். உனக்கு இஷ்டமில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே போட்டாய். போட்டு முடித்துவிட்டு ஒன்று சொன்னாய்: "சிவப்பா எச்சரிக்கை வந்தா என்னைக் கேக்காம எதையும் நிறுத்தாதம்மா." சரி சரி என்று தலையாட்டினேன்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. நீ கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூட அட்மிஷன் நேரம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்குக் கூட்டம் அலைமோதியது. ஒரே தாளில் எட்டுப் போட்டோவைத் தானாக அடுக்கிக் கொடுக்கிற ஒரு புரோகிராம் இருக்கிறது, காசு கொடுக்காமலே இறக்கலாம் என்று காந்திபுரத்தில் கடை வைத்திருக்கிற ஒருத்தர் சொன்னார். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் தேடி இறக்கினேன். இறக்கியதுமே சிவப்பு எச்சரிக்கை வந்தது. அந்தப் பக்கத்திலேயே எழுதியிருந்தது, எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம், பாதுகாப்பை நிறுத்திவிட்டுத் தொடரவும் என்று. நீ சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. வராமல் இல்லை. ஆனால் வெளியே ஆறு பேர் நின்றார்கள். நிறுத்தினேன். புரோகிராம் திறக்கவே இல்லை. சரி, பழையபடி கையாலேயே அடுக்கலாம் என்று வேலையைப் பார்த்தேன். நிறுத்தினதைத் திரும்பப் போட மறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் திறந்தால் எந்த ஃபைலும் திறக்கவில்லை. ஒவ்வொரு பேருக்குப் பின்னாலும் வால் மாதிரி புரியாத எழுத்துகள். நடுவில் ஆங்கிலத்தில் பணம் கேட்டு ஒரு குறிப்பு. உனக்குப் போன் செய்தேன். நீ பஸ் பிடித்து வருவதற்குள் நான் செய்த முதல் காரியம், முந்தின நாள் இறக்கியதைத் தேடி அழித்ததுதான். இறக்கிய பட்டியலில் இருந்த பேரையும் அழித்தேன். ஃபைல் காப்பாற்ற வழி தேடவில்லை, கண்ணு. என்னைக் காப்பாற்றத்தான் தேடினேன். நீ வந்து உட்கார்ந்ததும், "புதுசா ஏதாவது இறக்குனியாம்மா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். இன்னொரு தடவை கேட்டாய். "இல்லைன்னுதானே சொல்றேன்" என்று சத்தம் போட்டேன். நீ அதற்கப்புறம் கேட்கவில்லை. உனக்கு அப்போதே தெரிந்திருக்குமோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், நான் நினைப்பதைவிட நான் செய்தது பெரிசு.

இரண்டு நாள் சோறு தண்ணி சரியாக இல்லாமல் உட்கார்ந்து பார்த்தாய். ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமை அப்பா பட்டறையிலிருந்து வந்து, லேத்து ஓட்டின எண்ணெய்க் கையோடே கடைக்குள் நின்று எப்படி ஆச்சு என்று கேட்டார். நான், "இவன் போட்ட திருட்டு விண்டோஸ்தான்" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அப்பா உன்னைத்தான் பிடித்துக்கொண்டார். நாலு வருஷம் படித்துக் கிழித்தது இதுதானா, அம்மாவின் பொழப்பில் கை வைத்துப்போட்டாயே என்று, பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குப் பேசினார். நீ பையை எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். அன்றைக்கு எழுந்தவன்தான். அந்த நாற்காலியில் நீ திரும்ப உட்காரவே இல்லை. வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போனபோதும், லீவில் வந்தபோதும், கடைப் பக்கம் வந்தால் வாசற்படிதான்.

இனி எஸ்தர் என்கிற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு அவளைத் தெரியாது. உக்கடம் தாண்டி ஒரு காலேஜில் தமிழில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மஞ்சள் காட்டில் களை எடுக்கவும் அறுவடைக்கும் போகிற பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற வேலைச் சொற்களைத் தொகுத்து, அதை வைத்து ஆய்வேடு. அவளுடைய அம்மாவும் அப்படிக் கூலிக்குப் போகிறவர்தான். ஆய்வேட்டை அடித்துத் தர என்னிடம் வந்தாள். முதல் நாளே எந்த ஊர் என்று கேட்டேன். சென்னிமலைக்குப் பக்கம் என்றாள். பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று கேட்டேன். சொன்னாள். அதற்குப் பிறகு அவளை நான் "வா, போ" என்றுதான் கூப்பிட்டேன். அதே வயசில் அடுத்த தெரு அபார்ட்மெண்ட் பெண் வந்தால் "சொல்லுங்க அம்மணி" என்பேன். எல்லோருக்கும் "ங்க" போட்டுப் பேசுகிற ஊர் என்று நமக்குப் பேர். யாருக்குப் போடுவதில்லை என்பதும் நமக்கெல்லாம் தெரியும். அதை யாரும் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம், நான் பாதுகாப்பை நிறுத்தியதற்கு அப்புறம், எஸ்தர் வந்தாள். நாலு இயலும் அடித்து முடிந்து, கரெக்ஷனும் போட்டாகிவிட்டது. கடைசிக் காப்பியைத் தன் பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளச் செருகினாள். அதுவும் போயிற்று. மறுநாள் காலையில், நீ வந்து சேர்வதற்கு முன்பே, அவள் காலேஜில் திறந்து பார்த்துவிட்டு ஓடி வந்தபோது, நான் யோசிக்கவே இல்லை. "உன் பென்டிரைவ்லருந்துதான் வந்திருக்கு. என் கடையே போச்சு" என்றேன். அவள் நம்பினாள். அவளுக்கும் நாலு மாச உழைப்பு போயிருந்தது. முதல் மூன்று இயலுக்குக் கையெழுத்துப் பிரதி இருந்தது, நாலாவதற்கு அதுவும் இல்லை. அப்படி நிற்கிறவள் என்னிடம், "மன்னிச்சுக்கங்கக்கா, நான் பார்க்காம போட்டுட்டேனுங்க" என்றாள். நான் அந்த மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரே வாரத்தில், செய்யாத தப்புக்கு இரண்டு பேரைத் தலை குனிய வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் எதிர்த்துப் பேசாதவர்கள்.

பிறகு ஒரு மெக்கானிக்கை வைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு அதே மாதிரி ஒரு திருட்டுக் காப்பியைத்தான் திரும்பப் போட்டேன். ஒரு மாசம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை பாதி சாத்தியிருக்கும்போது எஸ்தர் வந்து நின்றாள். கையில் ஒரு பென்டிரைவ். வெளியே நின்றபடியே, இது புதுசு, வேறெதுவும் இதில் இல்லை என்று முதலில் அதைத்தான் சொன்னாள். "ஏனுங்கக்கா, என்னாலதான் உங்களுக்கு இத்தனை நட்டம். எங்க டிபார்ட்மெண்ட் லேப்ல லினக்ஸ்தான் ஓடுதுங்க. அந்த மாதிரி வைரஸ் அதுல அவ்வளவு லேசுல ஒட்டாதுங்க. நான் போட்டுத் தாரேன்" என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சரி, பாரு" என்றேன். நீ கெஞ்சியபோது வேண்டாம் என்ற அதே லினக்ஸை, அவள் குற்ற உணர்ச்சியோடு கொண்டு வந்தபோது உள்ளே விட்டேன்.

அவள் உடனே போடவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. பென்டிரைவிலிருந்தே ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம், பழசை எதுவும் தொடாது, பிடிக்காவிட்டால் உருவிவிட்டால் முடிந்தது என்றாள். கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால், எதிலிருந்து ஆரம்பிக்கட்டும் என்று கேட்கிறது. பென்டிரைவைக் காட்டினோம். இரண்டு நிமிஷத்தில் ஒரு திரை வந்தது. நான் என்னமோ கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் கீழே ஒரு பட்டை, மூலையில் மெனு, நடுவில் ஃபோல்டர். சினிமாவில் பார்க்கிற மாதிரி ஒன்றும் இல்லையே என்றேன். எஸ்தர் சிரித்தாள். என் கடையில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஒரு வாரம் அப்படியே பிரிண்ட் போட்டுப் பார்த்தேன், கஸ்டமர் ஃபைலைத் திறந்து பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இருக்கிறதையெல்லாம் தனி டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு, உள்ளே போட்டோம். டிஸ்க்கை முழுசாக அழிக்கட்டுமா என்று கேட்கிற இடத்தில் அவள் கையை எடுத்துக்கொண்டாள். "இதை அழுத்துனா பழசு எதுவும் திரும்ப வராதுங்க. நீங்களே படிச்சுப் பார்த்து அழுத்துங்க" என்றாள். இரண்டு தடவை படித்துவிட்டு அழுத்தினேன். அரிசிச் சோறு வைத்து இறக்குகிற நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

சுலபமாக இருந்தது என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். நான் பழைய தமிழ் டைப்ரைட்டர் முறையில் கை பழகியவள். முதல் நாள் தமிழே வரவில்லை. செட்டிங்கில் தேடி, டைப்ரைட்டர் முறையைச் சேர்த்த பிறகுதான் உயிர் வந்தது. என்னுடைய பழைய ஃபாண்டில் அடித்த பத்திரிகையெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது. பிரிண்டர் செருகினவுடனே ஓடியது, ஆனால் அதே மெசினில் இருக்கிற ஸ்கேனர் நாலு நாள் அசையவே இல்லை. அதற்கு ஒரு கட்டளை அடிக்க வேண்டும் என்று எஸ்தர் போனில் சொன்னாள். கறுப்புத் திரை கடைசியில் வந்தேவிட்டது. பாஸ்வேர்டு கேட்டது. அடிக்கிறேன், அடிக்கிறேன், ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு போய்விட்டது என்று நினைத்து வேறு கீபோர்டு வாங்கவே கிளம்பிவிட்டேன். அது அப்படித்தான், நாம் அடிப்பது உள்ளே போகும், வெளியே காட்டாது என்று அப்புறம்தான் தெரிந்தது. கஸ்டமர் கொண்டு வருகிற பயோடேட்டாவைத் திறந்தால் வரி இடம் மாறி நிற்கும். அதனால் பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்லி ஒரு அட்டை எழுதி ஒட்டினேன். டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிற ஒரு வேலை இதில் ஓடவே இல்லை. அதற்கு வருகிறவர்களை இன்றைக்கும் அடுத்த தெருக் கடைக்குத்தான் அனுப்புகிறேன். ஒரு பெரியவர், "ஏனுங்க, உங்க கம்ப்யூட்டர் வேற மாதிரி இருக்குதுங்களே, வேலை ஆகுமுங்களா?" என்று சந்தேகத்தோடே நின்றார். பட்டா நகல் கையில் வந்ததும் பேசாமல் போய்விட்டார். ஐம்பத்திமூன்று வயசில் புதுசாக வண்டி ஓட்டப் பழகுகிற மாதிரிதான் இருந்தது. மூன்று மாசத்தில் பழகிவிட்டது. பழைய மெசின், ஆனால் சொன்னதைக் கேட்கிறது.

எஸ்தர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தாள். தன் மூன்று இயலையும் என்னிடமே திரும்ப அடிக்கக் கொடுத்திருந்தாள். ஒரு நாள், எங்கோ இணையத்தில் பார்த்த பத்திரிகை டிசைன் புரோகிராம் ஒன்றை நான் போடப் பார்த்தேன். பாஸ்வேர்டு கேட்டது. எதற்கெடுத்தாலும் இது என்னிடம் பாஸ்வேர்டு கேட்கிறதே என்று அலுத்துக்கொண்டேன். எஸ்தர் பக்கத்தில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "பூட்டு நல்லதுதானுங்கக்கா. ஆனா நாமளே தொறந்து உட்டுட்டா எந்தச் சிஸ்டமும் காப்பாத்தாதுங்க. எங்கிருந்து வருதுன்னு பார்த்துப் போடுங்க" என்றாள். அடுத்த தாளை எடுத்துக்கொண்டே, "என்ன, என் பென்டிரைவ் மாதிரி இனி எது வந்தாலும் உங்களுக்குப் பயமில்லீங்க" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "எஸ்தர், உன் பென்டிரைவ்ல ஒண்ணும் இல்ல. அன்னைக்கு நீ வர்றதுக்கு முன்னாடியே நான்தான் ஒண்ண இறக்கி, எச்சரிக்கையை நிறுத்திப்போட்டேன். என்கிட்டருந்துதான் உன்கிட்ட வந்துச்சு" என்றேன்.

அவள் கையில் இருந்த தாளை மேஜையில் வைத்தாள். "அப்ப ஏனுங்க என்னைச் சொன்னீங்க?" என்று கேட்டாள். பயந்துவிட்டேன் என்றேன். "பயம் எல்லாருக்கும் வருமுங்க. என்னைச் சொன்னா நான் கேட்டுக்குவேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் சொல்லியிருக்கீங்க" என்றாள். கோபமான குரல்கூட இல்லை. நாலாவது இயல் போனதற்குத் தன் கவனக்குறைவுதான் காரணம் என்று அவள் கைடு மேடத்திடம் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். பொறுப்பில்லாதவள் என்று மற்ற மாணவர்கள் முன்னால் அந்த மேடம் சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள். நம் ஊரில் எவ்வளவு சண்டையென்றாலும் கிளம்பும்போது "வாரேன்" என்று சொல்லித்தானே போவார்கள். அவள் சொல்லாமல் போனாள்.

இரண்டு வாரம் வரவில்லை. நான் கடையைச் சாத்திவிட்டு, காந்திபுரத்தில் பஸ் மாறி உக்கடம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறி அவள் காலேஜுக்குப் போனேன். கைடு மேடத்தைத் தேடிப் பிடித்து, கடைக்காரி நான்தான், தப்பு என்னுடையது, இந்தப் பெண் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னேன். அவர் எஸ்தரைக் கூப்பிட்டு அனுப்பினார். இதை எழுதித் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார். தாள் வாங்கி அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, அன்றைக்குத் தான் பேசியது தப்பு என்று எஸ்தரிடம் சொன்னார். வெளியே மரத்தடியில் எஸ்தர் என்னிடம், "வந்தது நல்லதுங்க. ஆனா நான் இன்னும் கோவமாத்தான் இருக்கறேனுங்க" என்றாள். "இருங்க" என்றேன். அவளுக்கு நான் "ங்க" போட்டது பஸ் ஏறி உக்கடம் குளம் தாண்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது.

அவள் வேலையை வேறு கடைக்குக் கொண்டு போகவில்லை. மூன்று இயலையும் அடித்துக் கொடுத்தேன். நாலாவதற்கு அவள் திரும்பவும் மஞ்சள் காட்டுக்குப் போய், அம்மாவோடு வேலை செய்கிறவர்களிடமே உட்கார்ந்து சொற்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். ஐந்து மாசம் தள்ளித்தான் சமர்ப்பித்தாள். நன்றியுரைப் பக்கத்தையும் நானே அடித்தேன். அம்மா பேர், அம்மாவோடு களை எடுக்கிற ஒன்பது பேரின் பேர், கைடு பேர் எல்லாம் இருந்தது. என் பேர் இல்லை. நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தேன். இப்போது அவள் ஒரு காலேஜில் வேலை பார்க்கிறாள். புது வெர்ஷன் வந்திருக்கிறது, மாற்றுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் வேறு டிஸ்கில் எடுத்து வையுங்கள் என்று எப்போதாவது ஒரு மெசேஜ் அனுப்புகிறாள். அதைத் தவிர வேறு பேச்சில்லை. நானும் "சரிங்க அம்மணி" என்று மட்டும் பதில் போடுகிறேன்.

வேற்றுப் பெண்ணிடம் போய்ச் சொல்ல முடிந்தவளுக்குப் பெற்ற பிள்ளையிடம் சொல்ல ஏன் இத்தனை நாள் என்று நீ கேட்பாய். நானும் கேட்டுப் பார்த்தேன். அவள் கோபப்பட்டுப் போய்விட்டாள், அதனால் தேடிப் போக வேண்டியிருந்தது. நீ போகவில்லை. வாரம் தவறாமல் போன் செய்கிறாய், தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தருகிறாய், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்றதும் லீவு போட்டு ஓடி வந்தாய். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள நீ எனக்கு இடம் கொடுத்துக்கொண்டே இருந்தாய். நானும் அதிலேயே உட்கார்ந்துகொண்டேன். உன் மாமனார் முன்னால் நீ உன்னையே கேலி செய்துகொண்டாயே, அதைக் கேட்ட பிறகு அங்கே உட்கார முடியவில்லை. நான் சொன்ன பொய்யை நீ உன் சொந்த வாயால் ஒரு புது ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தாய்.

இன்னும் நாலு வாரத்தில் உனக்குக் கல்யாணம். பெரியவர்கள் எல்லோரும் விட்டுக்கொடுத்துப் போ என்று சொல்வார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். உனக்கு அது ஏற்கெனவே ரொம்பத் தெரியும். நீ செய்யாததை உன் தலையில் வைத்தால், அன்றைக்கே, அங்கேயே, நான் இல்லை என்று சொல்லு. அது உன் பெண்டாட்டியாக இருந்தாலும் சரி, நானாக இருந்தாலும் சரி. அவள் செய்யாததற்கு அவள் உன்னிடம் மன்னிப்புக் கேட்டால், வாங்கிக்கொள்ளாதே. நீ தப்புச் செய்திருந்தால் சாயங்காலத்துக்குள் சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளினால் இரண்டாம் நாள் அதை மறைக்க இன்னொன்று செய்ய வேண்டி வரும். நான் ஒரு ஃபைலை அழிப்பதில் ஆரம்பித்து உன்னைப் பார்த்துக் கத்துவதில் வந்து நின்றேன். ஒரே காலையில்.

நீ போட்டுத் தருகிறேன் என்ற லினக்ஸ்தான் இரண்டு வருஷமாக இந்தக் கடையில் ஓடுகிறது. வாசற்படியில் நின்ற உனக்கு அது தெரிய வழியில்லை. இந்தக் கடிதத்தையும் அதில்தான் அடிக்கிறேன். நீ அன்றைக்குச் சொன்னது சரி. அதையும் சொல்லவேண்டும் என்று இருந்தேன்.

இதைப் படித்தவுடனே போன் செய்ய வேண்டாம். பரவாயில்லை என்று சொல்வதற்காகப் போன் செய்யவே வேண்டாம். கோபம் வந்தால் அது உன் பாத்தியதை. எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள். கல்யாண வேலை அதன்பாட்டுக்கு நடக்கும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்றுவரை அப்பாவுக்கு இது ஒன்றும் தெரியாது. உனக்கு அனுப்புவதற்கு முன்னால் அவருக்குத் தெரிய வேண்டும் என்று, இதுவரை அடித்ததைப் பிரிண்ட் எடுத்து இன்று காலையில் அவர் கையில் கொடுத்தேன். பட்டறைக்குக் கிளம்பி, டிபன் பாக்ஸைக் கையில் எடுத்தவர், கண்ணாடியைப் போட்டு நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது தாளில் உட்கார்ந்துவிட்டார். முடித்ததும், "அப்ப பையன் ஒண்ணுமே பண்ணலையா?" என்று கேட்டார். ஒன்றும் பண்ணவில்லை என்றேன். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். தாளை மடித்து மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் ஒரு நாளும் வீட்டுக்கு வராதவர் இன்றைக்கு வந்தார். கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, அந்தக் கடிதத்தில் இன்னும் ஏதாவது சேர்க்க முடியுமா என்று கேட்டார். முடியும், சொல்லுங்க என்றேன். "அப்பன் விசாரிக்காம பேசிப்போட்டான்னு போடு" என்றார். அடித்தேன். குனிந்து திரையைப் பார்த்தார்.

"நீ சொல்ற மாதிரி இருக்குது. அது வேண்டாம், அழிச்சுப்போடு. நான் சொல்ற மாதிரி போடு" என்றார்.

தம்பி, அன்னைக்கு உன்னை ஒரு வார்த்தை கேக்காம பேசிப்போட்டேன். அப்பா.